உள்ளே தண்ணீர் இருக்கும்வரை

அந்த வருடம் எட்டாம் வகுப்பில் இருந்த நாம் எல்லோரும் இப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் மண்டபத்தில் கூடிப் பழைய கதை பேசியபோது, நான் நீர்மூழ்கிக் கப்பல் செய்து கோயமுத்தூர்க் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியதை ஒருத்தி எடுத்துச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 

நீங்கள் கை தட்டியது பாதிக் கதைக்கு. மீதியைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள்.

கடைசி பெஞ்சில் சன்னலோரம் ஒரு பெண் இருந்தாளே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அரை வருடம்கூட முழுதாக நம்மோடு படிக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் நாம் அவளைத் 'தூத்துக்குடி' என்றுதான் கூப்பிட்டோம். அவள் வாயைத் திறந்தாலே நமக்குச் சிரிப்பு வரும். "என்னட்ட", "வாராவ", "போறாவ" என்று பேசுவாள். அவள் சொன்னதையே நாம் திருப்பிச் சொல்லிச் சிரித்தோம். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு உண்மையானதுதானா என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

அவளுடைய அப்பா எங்கள் சாயப்பட்டறையில் வேலை செய்தார். அதற்கு முன்னால் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வருகிற வேலை. ஒருநாள் ஆழத்தில் இடது காது வெடித்து ரத்தம் வந்திருக்கிறது. அதோடு கடல் முடிந்துபோனது. யாரோ சொந்தக்காரர் சொல்லித் திருப்பூருக்குக் குடும்பத்தோடு வந்தார். காது மந்தம் என்பதால் சத்தமாகப் பேசுவார். முழங்கை வரைக்கும் சாயம் ஏறியிருக்கும். "எங்கப்பாவுக்கு நேத்து பச்சைக் கை, இன்னிக்கு நீலக் கை" என்று அவள் சொல்வாள்.

முதலாளி மகள் நான். தொழிலாளி மகள் அவள். ஆனாலும் நாங்கள் ஒன்றாகத்தான் திரிந்தோம். பள்ளி விட்டதும் இரண்டு பேரும் நேராகப் பட்டறைக்குப் போவோம். சோடா உப்பும் ஆவியும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் மங்கலம் ரோட்டில் எங்காவது அடித்தால் எனக்குப் பதின்மூன்று வயதாகிவிடும்.

அவள் பையில் எப்போதும் ஒரு பொருள் இருக்கும். பனியன் துணிக் கழிவில் சுற்றி வைத்திருப்பாள். உள்ளங்கையைவிடப் பெரிய ஒரு சிப்பி. சுருண்ட சிப்பி. அதை நடுவில் பாதியாக அறுத்திருந்தார்கள். உள்ளே முத்துப்போல மினுமினுக்கும். சின்னதிலிருந்து பெரிதாக, வரிசையாக, அறை அறையாக இருக்கும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சுவர். ஒரு சுவர்கூட நேராக இருக்காது. எல்லாம் கிண்ணம்போல வளைந்திருக்கும். தாள் கனம்தான் இருக்கும்.

"இது அந்தமான் பக்கத்துச் சிப்பி. ஒரு படகுக்காரர் அப்பாவுக்குக் குடுத்தது. இந்த அறையில எல்லாம் காத்து நிக்குமாம். எங்கப்பா முங்குன ஆழத்துக்கும் கீழ, வெளிச்சமே போகாத ஆழத்துல இந்தப் பிராணி இருக்குமாம். எப்டிப் பிள்ள இது ஒடையாம இருக்கு?" என்று கேட்டாள்.

எனக்கு என்ன தெரியும்? "கடவுள் அப்படிப் படைச்சுட்டாரு" என்றேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

அறிவியல் டீச்சர் அழுத்தம் பற்றிப் பாடம் நடத்தியது அந்த ஆவணி மாதம்தான். ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல் படத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து காட்டினார். தூத்துக்குடி எழுந்து நின்றாள்.

"டீச்சர், இது ஏன் பொட்டி மாதிரி இல்லாம உருண்டையா இருக்கு? பொட்டி மாதிரி கெட்டுனா நெறைய ஆள் இருக்கலாம்லா?"

'கெட்டுனா' என்ற வார்த்தைக்கே வகுப்பு சிரித்தது. டீச்சர் கையை உயர்த்தி அடக்கினார். "தண்ணியக் கிழிச்சுட்டுப் போறதுக்காகக் கண்ணு" என்றார். அவள் உட்காரவில்லை. "அது முன்பக்கத்துக்குச் சரி டீச்சர். நடுவும் பின்னும் ஏன் உருண்டையா இருக்கு?" டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "கண்காட்சி வருது. அதுல நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்று முடித்துவிட்டார்.

அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

எங்கள் பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு இருந்தது. தோட்டமாக இருந்த காலத்துக் கிணறு. வட்டக் கிணறு. அந்த வருடம் நல்ல தண்ணீர். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நேராக அங்கே வந்தாள். கையில் ஒரு கோழிமுட்டை. இரண்டு முனையிலும் ஊசியால் ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை ஊதி எடுத்திருந்தாள். ஓட்டையை மெழுகால் அடைத்து, முட்டை முழுக்க மெழுகுவத்தியைத் தேய்த்திருந்தாள். என்னைத் தையல் மிஷினுக்கு ஊற்றுகிற எண்ணெய் டின் ஒன்று எடுத்துவரச் சொல்லியிருந்தாள். ஒரு லிட்டர் பிடிக்கிற தட்டையான தகர டின். மூடியை இறுக்கித் திருகினோம்.

"ரெண்டுலயும் உள்ள காத்துதான். எது தாங்குதுன்னு பாப்போம்."

அவளுடைய அப்பா கயிற்றில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அளவு. முட்டையையும் டின்னையும் பனியன் துணிப் பையில் போட்டு, கல்லையும் கட்டி அவள்தான் இறக்கினாள். ஒரு முடிச்சு. மேலே எடுத்துப் பார்த்தோம். டின்னின் பக்கங்கள் லேசாக உள்வாங்கியிருந்தன. மறுபடி இறக்கினாள். மூன்று முடிச்சு. இந்தத் தடவை பை மேலே வந்தபோது டின் நசுங்கி, இரண்டு பக்கமும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ காலால் மிதித்ததுபோல.

முட்டை அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

அவள் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. "ஏ பிள்ள! தகரம் நசுங்கிருச்சு, முட்ட ஓடு நிக்கி!" என்று கத்தினாள். அவளுடைய அப்பா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தட்டையா இருந்தா நடுவுல வளஞ்சிரும்மா. வளவா இருந்தா ஒருத்தன் அமுக்குனா அடுத்தவன் தாங்குவான்" என்றார். பிறகு, "சங்கு ஒடையாதே, அது வேற. சங்குக்கு உள்ளயும் தண்ணி, வெளியயும் தண்ணி. ரெண்டும் சரிக்குச் சரி. காத்த அடச்சு வச்சாத்தான் சோதனையே" என்றார்.

அந்த நாள்தான் அந்த வருடத்திலேயே நல்ல நாள். வேறு நல்ல நாள் எனக்கு நினைவில்லை.

மாதிரிக் கப்பலைச் செய்ய வழி கண்டுபிடித்ததும் அவள்தான். நூல் சுற்றி வருகிற காகிதக் கோன்கள் எங்கள் ஊரில் தெருத்தெருவாகக் கிடக்கும். இரண்டு கோன்களை வாய்க்கு வாய் ஒட்டினால் நடுவில் பருத்து இரண்டு முனையும் ஒடுங்கிய கப்பல் உடம்பு வந்துவிட்டது. உள்ளே அட்டையில் கிண்ணம் கிண்ணமாகச் சுவர் வைத்தாள், அந்தச் சிப்பியில் இருப்பதுபோலவே. மேலே கறுப்புச் சாயம் பூசியது நான். நான் செய்த வேலை அவ்வளவுதான்.

பள்ளிக் கண்காட்சியில் எங்கள் மேஜைக்கு முன்னால் கூட்டம் நகரவில்லை. நசுங்கிய டின், முழு முட்டை, அறுத்த சிப்பி, நூல் கோன் கப்பல். மாவட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். டீச்சர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"கோயமுத்தூர்ல நடுவருங்க முன்னாடி நீ பேசு கண்ணு. அவ பேசினா சிரிச்சுப்போடுவாங்க. உங்க அப்பா வேற வேன் ஏற்பாடு பண்றேன்னு சொல்லியிருக்காரு. அவ கூடமாட இருக்கட்டும்."

நான் "இல்லீங் டீச்சர், இது அவ பண்ணுனது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேடை என்றால் எனக்கு ஆசை. அவளிடம் போய்ச் சொன்னபோது அவள் அந்தச் சிப்பியை மறுபடி துணியில் சுற்றினாள். பிறகு, "சரி, நான் எழுதித் தாரேன். நீ மனப்பாடம் பண்ணிக்க" என்றாள். டீச்சர் கெட்டவர் இல்லை. பள்ளிக்குப் பரிசு வர வேண்டும் என்று நினைத்தார். யோசித்துப் பார்த்தால், அந்த வருடம் அத்தனை பெரியவர்களும் நல்லதையே நினைத்தார்கள்.

இப்போது தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா அந்தச் சித்திரையில் பட்டறையில் தரைக்குள் ஒரு பெரிய தொட்டி கட்டினார். லாரித் தண்ணீரைத் தேக்கி வைக்க. பதினைந்தடி நீளம், எட்டடி ஆழம். கொத்தனார் வட்டமாகக் கட்டலாம் என்றார். "வட்டமாக் கட்டுனா நாலு மூலையும் வீணாப் போகுதுங்களே" என்று சொல்லிவிட்டு அப்பா நீள்சதுரமாகக் கோடு போட்டார். ஒற்றைச் செங்கல் சுவர், மேலே சிமெண்டுப் பூச்சு. பார்க்க நேர்த்தியாக இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் விடவில்லை. பட்டறையைச் சுற்றி இருந்தது களிமண். குடிக்கக் குடிக்க உப்புகிற மண். தொட்டியின் நீளச் சுவரில் தண்ணீர்மட்டத்துக்கு மேலே ஒரு விரிசல் ஓடியது. முதலில் பார்த்தது அவளுடைய அப்பாதான். சாக்குப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு தொட்டி ஓரத்தில் குத்த வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மழை வெறித்த மறுநாள் சனிக்கிழமை. அரைநாள் பள்ளி. கப்பலுக்கு இரண்டாம் பூச்சுப் பூச நான் பட்டறைக்குப் போயிருந்தேன். அவள் வரவில்லை. எனக்கான பேச்சை நல்ல தாளில் எழுதப்போகிறேன் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். தொட்டியை ஒட்டிய சாமான் அறையில் உட்கார்ந்து நான் சாயம் கரைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. வெளியே அப்பாவும் அவளுடைய அப்பாவும் பேசிக்கொண்டது ஒவ்வொரு சொல்லாக எனக்குக் கேட்டது. சரியாகக் காது கேளாதவரிடம் பேசுவதால் அப்பாவும் சத்தமாகத்தான் பேசினார்.

"மொதலாளி, ரெண்டு நாள் போவட்டும். இப்ப எறைக்க வேண்டாம்."

"ஏம்ப்பா? திங்கக்கெழம வெள்ளச் சரக்கு வெளுக்கோணும். அடியில ஒரு சாண் சேறு கெடக்குது. அந்தத் தண்ணில போட்டா பூராப் பழுப்பாப் போயிரும். எறைச்சுட்டு எறங்கிச் சேத்த அள்ளிப்போடு."

"நீளச் செவரு உள்ள வவுறு தள்ளிக்கிட்டு நிக்கி மொதலாளி. வெளிய மண்ணு தண்ணி குடிச்சுக் கெடக்கு. உள்ள தண்ணி இருக்கதுனாலதான் அந்தச் செவரு நிக்கி. எறைச்சிட்டா வெளிய இருந்து அமுக்கும். நேர்ச் செவரு தாங்காது."

"நீ என்ன எஞ்சினீரா?"

"இல்ல மொதலாளி. எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுதேன்."

"கடல்ல முங்கி எந்திரிச்ச ஆளு, எட்டடித் தொட்டிக்குப் பயந்துக்கறயாக்கு? வேலைக்குச் சோம்பல்பட்டா அப்படிச் சொல்லிப்போடு. நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

அவளுடைய அப்பாவின் காலடிச் சத்தம் மோட்டார்ப் பக்கம் போனது. பிறகு மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

நான் எழுந்து போய், "அப்பா, அவரு சொல்றது சரிங்க. எங்க டின் அப்படித்தானுங்க நசுங்குச்சு" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். கிணற்றடியில் என் கண்ணால் பார்த்தேன். அவள் முதலில் எழுதித் தந்ததில் பாதியை மனப்பாடமும் செய்திருந்தேன். ஆனால் அந்தத் தொட்டிதான் டின், அந்தச் சுவர்தான் தகரம் என்று என் மண்டைக்கு உறைக்கவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அவள் அங்கே இருந்திருந்தால் அவளுக்கு ஒரு நொடியில் உறைத்திருக்கும்.

இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கியதைக் கதவு வழியாகப் பார்த்தேன். இறங்குவதற்கு முன்னால் அந்த நீளச் சுவரை ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்தார்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. ஈரத் துணி மூட்டையை லாரியிலிருந்து உருட்டித் தள்ளினால் 'பொத்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது நீளச் சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. தொட்டி பாதி வரைக்கும் செங்கல்லும் சேறும். ஏணியின் மேல் முனை மட்டும் வெளியே தெரிந்தது.

பட்டறையில் அப்போது வேறு இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். அவர்கள் மண்வெட்டியோடு குதித்தார்கள். ஆபீஸ் அறையிலிருந்து அப்பா ஓடிவந்தார். அவர் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை எனக்கு மறக்காது.

"ஆரு இவன எறங்கச் சொன்னது?"

மண்ணை அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேரும் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார்கள். பிறகு குனிந்துகொண்டார்கள். அந்தக் கேள்வி அவர் வேண்டுமென்று சொன்ன பொய்யா, அல்லது அந்த நொடியில் அவரே அதை நம்பினாரா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை. தோழியின் அப்பாவை வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. நீலச் சாயம் ஏறிய கை மட்டும் சேறு படாமல் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் அம்மா என்னைக் குளிக்கவைத்தாள். பதின்மூன்று வயதுப் பெண்ணை யாராவது குளிக்கவைப்பார்களா? தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"கண்ணு, நீ பட்டறைல எதையுங் கேக்கலே. சாயங் கரைச்சுட்டு இருந்தே. ஆராச்சும் கேட்டா அதத்தாஞ் சொல்லோணும்."

"இல்லீங்கம்மா, அப்பாதானுங்க..."

"அப்பாவப் போலீசு புடிச்சுட்டுப் போகட்டும்ங்கறயா? ஊட்டு மானம் என்னாகும்? செத்தவன் திரும்பி வந்துருவானா?"

அதிகாரி ஒருவர் வந்து விசாரித்தார். என்னிடம் கேட்கவில்லை. குழந்தை என்று விட்டுவிட்டார். அந்த இரண்டு பேரும், "நாங்க சொல்லச் சொல்லக் கேக்காம அவராத்தானுங்க எறங்குனாரு" என்று சொன்னார்களாம். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவளும் அவளுடைய அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரும்புக் கேட்டுக்கு உள்ளே வரவில்லை. அப்பா இல்லை. அம்மா வாசலில் நின்றாள். அந்த அம்மா எங்கள் அம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"மக்ளே, நீ அங்கனதான இருந்த? அவிய தானா எறங்குனாவளா, ஒங்க அப்பா சொல்லி எறங்குனாவளா? எனக்கு அது ஒண்ணு தெரியணும். வேற ஒண்ணும் கேக்க வரல."

என் தோழி அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

பின்னால் நின்ற அம்மாவின் வளையல் சத்தம் எனக்குக் கேட்டது.

"அப்பா வேண்டாம்னுதான் சொன்னாருங்க. அவராத்தான் எறங்கிட்டாருங்க" என்றேன்.

'நான் எதையும் கேட்கவில்லை' என்று மட்டும் சொல்லச் சொல்லித்தான் அம்மா கற்றுக்கொடுத்திருந்தாள். அதற்கு மேல் போனது நானே. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பொய்யை நானாகச் சேர்த்தேன்.

அந்த அம்மா கேட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தார். தலையை ஆட்டினார். "பாவி மனுசன். எங்கள நெனச்சாரா பாரு" என்றார், தனக்குத்தானே. திரும்பி நடந்தார். தோழி ஒரு எட்டுப் பின்தங்கி, மடித்து வைத்திருந்த தாளை எடுத்து கேட்டுக் கம்பி வழியாக என்னிடம் நீட்டினாள். கண்காட்சிப் பேச்சு. முத்து முத்தான கையெழுத்து.

"நீ பேசணும்லா" என்றாள். அதுதான் அன்றைக்கு அவள் பேசிய ஒரே வார்த்தை.

கார்த்திகையில் கோயமுத்தூர். அப்பா வேன் வைத்துக் கூட்டிப்போனார். அம்மா பட்டுப்பாவாடை கட்டிவிட்டாள். மூன்று நடுவர்கள். அந்தத் தாளில் இருந்ததை நான் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன்.

"தட்டையான சுவரை வெளியிலிருந்து அமுக்கினால் அது நடுவில் உள்பக்கமாக வளையும். வளைந்த பிறகு அதற்குப் பலம் கிடையாது. வளைவான ஓடு ஒன்றை அமுக்கினால் ஒவ்வொரு பகுதியும் பக்கத்துப் பகுதியின் மேல் சாய்ந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். முட்டைக்கும் சிப்பிக்கும் இயற்கை கொடுத்த பலம் இதுதான். கடலுக்குள் போகும் கப்பலின் உடம்பையும் மனிதன் இப்படித்தான் கட்டுகிறான். உள்ளே காற்று மட்டும் இருக்கிற இடத்தில் சதுரமாகக் கட்டினால், உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியே வர முடியாது."

கடைசி வரியைச் சொல்லும்போதுதான் எனக்கு விளங்கியது. நாக்கு நின்றுவிட்டது. இத்தனை நாள் கிளிப்பிள்ளைபோல மனப்பாடம் செய்த வரி. அவள் அதை நல்ல தாளில் எழுதியது அந்தச் சனிக்கிழமை மத்தியானம். அவளுடைய அப்பா ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த நேரமாகவே இருக்கும்.

நிமிர்ந்து பார்த்தேன். கூட்டத்தின் முன்வரிசையில் அப்பா நின்றிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. நடுவர் ஒருவர், "பயப்படாம சொல்லும்மா, ரொம்ப நல்லா இருக்கு" என்றார். முதல் பரிசு எனக்கு. அதற்குத்தான் போன மாதமும் நீங்கள் கை தட்டினீர்கள்.

ஊர் திரும்புகிற வழி முழுக்க அப்பா பேசவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தை பிறந்ததும் அதே இடத்தில் தொட்டியை மறுபடி கட்டினார். கொத்தனார் கயிற்றை எடுத்துக்கொண்டு, "போன தடவ மாதிரியேங்களா?" என்று கேட்டார். அப்பா மண்ணில் குச்சியால் ஒரு வட்டம் போட்டார். போட்டுவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் எனக்குச் சொன்ன வாக்குமூலம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வட்டத்தை அவர் தோழியின் அம்மா கண்ணுக்கு முன்னால்தான் போட்டிருக்க வேண்டும்.

தோழி அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. எங்கள் மாமா ஒருவரின் பனியன் கம்பெனியில் அப்பா அவளைக் கைமடிக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். தைப்பவர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து மடித்து வைக்கிற வேலை. பதின்மூன்று வயதில். "எத்தன பெரிய மனசு பாருங்க, செத்தவன் புள்ளைக்கு வேல போட்டுக் குடுத்துட்டாரு" என்று ஊர் பேசியது. கண்காட்சிக்காக எங்கள் வீட்டில் இருந்த அந்தச் சிப்பியை, செத்த வீட்டுப் பொருள் என்று சொல்லி அம்மா நொய்யலில் போட்டுவிட்டாள். நான் கேட்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

எனக்குக் கல்யாணமாகி வெள்ளகோவில் போனேன். பிள்ளைகள், பேரன். இடையில் எத்தனையோ தடவை அவளைத் தேடிப் போக நினைத்தேன். அப்பா உயிரோடு இருக்கும்வரைக்கும் அவரை யாரும் விரல் நீட்டிவிடக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். மகள் கடமை என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தேன். அப்பா இரண்டு வருடம் முன்னால் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். உங்கள் கைதட்டல்தான் என்னைக் கிளப்பியது.

விசாரித்துக்கொண்டே போனேன். மங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங் பகுதியில் இருந்தாள். டியூப்லைட்டுக்குக் கீழே நீளமான மேஜை. இரண்டு பக்கமும் பீகார், ஒடிசாப் பெண்கள். நடுவில் அவள். நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி. துணியை விரித்து விரித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க" என்றாள்.

அந்த 'ங்க' என்னைச் சுட்டது. டீ நேரத்தில் கம்பெனிக்கு வெளியே அட்டைப்பெட்டி அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்தோம். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியவில்லை. நேராகச் சொன்னேன். அப்பாதான் இறங்கச் சொன்னார், உன் அப்பா வேண்டாம் என்று சொன்னார், இரண்டும் என் காதால் கேட்டேன், கேட்டில் நின்று உன் அம்மாவிடம் சொன்னது பொய். சொல்லும்போது அழுதேன். அவள் அழவில்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியுங்க" என்றாள்.

"தெரியுமா?"

"அப்பா முந்தின நாளே வீட்ல சொன்னாவ. செவரு சரியில்ல, இப்ப எறைச்சா விழுந்துரும்னு. அப்டிச் சொன்ன மனுசன் தானா எறங்குவாவளா? நான் அம்மாட்டச் சொன்னேன். யாரோ எறங்கச் சொல்லிருக்காவ, அந்தப் பிள்ள பொய் சொல்லுதுன்னு சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"நம்பல. 'ஒன்கூட ஒண்ணுமண்ணாத் திரிஞ்ச பிள்ள. அது என்னத்துக்குப் பொய் சொல்லும்? பெரியவுக சொல்லிருந்தா நம்ப மாட்டேன், பச்சப்பிள்ள சொல்லுது'ன்னாவ." ஒரு வாய் டீ குடித்தாள். "அதுக்கப்புறம் கல்லறைக்குக்கூட வந்ததில்லீங்க. கல்லறைத் திருநாளுக்கு நான் மட்டுந்தான் போவேன். வா மான்னு கூப்பிட்டா, 'எங்கள நெனைக்காமப் போன மனுசனுக்கு நான் எதுக்குப் பூ வைக்கணும்'பாவ. சாவுற வரைக்கும் அப்பாவத் திட்டிக்கிட்டேதான் இருந்தாவ. எனக்கு உங்க மேல கோவம் வந்ததெல்லாம் பழைய கதைங்க. அம்மா திட்டும்போதெல்லாந்தான் உங்கள நெனச்சுக்குவேன்."

"அம்மா எப்ப..."

"நாலு வருசமாச்சு."

உள்ளே மணி அடித்தது. அவள் எழுந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருடம் கழித்து முதல் தடவையாக அந்த 'ங்க' போய்விட்டது.

"அம்மா இருக்கும்போது வந்திருக்கலாம்லா பிள்ள?" என்று கேட்டாள்.

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மேஜையில் அடுத்த கட்டு வந்திருந்தது.